தனித்தொட்டி

பவளத் துண்டு இடம் மாறியிருந்தது.

நேற்று மாலை ஹஸ்னியா அதைத் தொட்டியின் பின்மூலையில்தான் வைத்தாள். இப்போது முன்கண்ணாடியை ஒட்டி இருந்தது. உருண்டு கவிழ்ந்து கிடந்திருந்தால் நீரோட்டம் தள்ளிவிட்டது என்று விட்டிருப்பாள். ஆனால் நேராக நின்றது. யாரோ இரண்டு விரலால் தூக்கி, வெளியே பார்க்கிற மாதிரி வைத்ததுபோல.

அந்தத் தொட்டியில் வேறு உயிர் கிடையாது. புதுப் பவளத்தோடு தட்டைப்புழு வரும், கண்ணுக்குத் தெரியாத முட்டை வரும். ஒரே ஒரு முட்டை கூடத்துப் பெரிய தொட்டிக்குள் போனாலும், ஆறு வருடம் வளர்த்த பவளமெல்லாம் வெளுத்து எலும்பாகிவிடும். அதனால் எந்தப் பவளமும் முதலில் நாற்பத்தைந்து நாள் தனித்தொட்டியில் இருக்க வேண்டும். மணல் இல்லை, பாறை இல்லை, கண்ணாடியும் தண்ணீரும் மட்டும். வந்த அன்றே மருந்துத் தண்ணீரில் முக்கி, பழைய அடியை வெட்டி எறிந்து, பூதக்கண்ணாடியில் மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் புது வெள்ளை வில்லையில் அதை ஒட்டினாள். இடுக்கி தனி, வாளி தனி, துடைக்கும் துணி தனி. விதி என்றால் ஹஸ்னியாவுக்கு விதிதான்.

இன்று இருபத்தொன்பதாம் நாள்.

தொட்டி இருந்தது தென்ரியின் அறையில். "அந்த ரூம்ல மட்டும் வேணாம்" என்று கணவன் சக்கரியா சொல்லிப் பார்த்தான். "வீட்ல காலியா இருக்கிறது அது ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டாள். ஒன்பது வயது மகள் தென்ரி போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கட்டில் மெத்தை இன்னும் அவள் படுத்த பள்ளத்தோடு இருந்தது.

பூச்சிகள் இருட்டில்தான் வெளியே வரும். அதனால் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சின்னவன் பாசோ தூங்கும் நேரத்தில், அவள் கறுப்புத் திரையை இழுத்து, விளக்கை அணைத்து, சிவப்பு டார்ச்சோடு தொட்டி முன்னால் உட்காருவாள். மக்காசார் நகரில் தை மாத மழை ஓயாமல் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. உப்பும் ஈரத்துணியும் அழுகிய பாசியும் கலந்த வாடை அறையெங்கும் கனத்துத் தொங்கியது. சிவப்பு வெளிச்சத்தில் பவளத்தின் நூல்விரல்கள் ஒவ்வொன்றாக நீண்டு, தண்ணீரில் எதையோ தேடுவதுபோல அசைந்தன.

டொக். டொக் டொக்.

கண்ணாடியில். உள்பக்கத்திலிருந்து.

அவள் தொட்டி முழுக்கத் தேடிவிட்டு வெளியே வந்து, பவளம் கொடுத்த தாயெங் ரேவாவைப் போனில் கூப்பிட்டாள். தீவிலிருந்து படகில் பவளம் கொண்டுவரும் ஆள்.

"அட அக்கா, அது சொடக்கு இறால். விரல் சொடுக்குற மாதிரி சத்தம் போடுவான். வாடகை தராம உங்க வீட்ல குடியேறிட்டான், அவ்வளவுதான்!" என்று சிரித்தான் அவன்.

"எங்க ஒளிவான் தாயெங்? கல்லே இல்லையே. அடியக்கூட நானே வெட்டிட்டேன்."

"பம்ப்பைக் கழட்டிப் பாருங்க."

"பாத்துட்டேன்."

எதிர்முனையில் சிரிப்பு நின்றது. "அப்ப எனக்குத் தெரியல அக்கா. வேணும்னா துண்டைத் திருப்பிக் கொடுத்துருங்க. காசு தந்துர்றேன்."

இரவுச் சாப்பாட்டில் சக்கரியா மீனைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. அவள் சொல்லலாமா என்று வாயெடுக்கும்போதே, தலை நிமிராமல் சொன்னான்.

"எனக்கும் கேக்குது."

"எப்பலேர்ந்து?"

"ஒரு வாரமா. கேக்காத மாதிரி இரு, ஹஸ்னியா. தயவுசெஞ்சு."

முப்பதாம் நாள், முன்கண்ணாடியின் பழுப்புப் பாசியில் ஓர் இடம் துடைக்கப்பட்டிருந்தது. நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும். அவள் வெளிப்பக்கம் விரலால் தேய்த்தாள். வெறும் கண்ணாடி. பாசி உள்ளே. துடைப்பும் உள்ளே. அளக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே தன் உள்ளங்கையை மேலே வைத்துப் பார்த்தாள். அவள் கைக்குள் அடங்கியது. ஒன்பது வயதுக் கை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

தென்ரிக்கு வந்தது தொண்டை அடைப்பான், தொற்றும் என்றார்கள். ஆஸ்பத்திரியின் கடைசித் தளத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அறை. பதினோரு நாள். தென்ரிக்குக் குரல் போய்விட்டது. அம்மா வேண்டுமென்றால் எழுந்து வந்து விரல்கணுவால் கண்ணாடியில் தட்டுவாள். ஒன்று, பிறகு இரண்டு. அப்போது பாசோ இரண்டு மாதக் குழந்தை, இன்னும் ஒரு தடுப்பூசிகூடப் போடவில்லை. தென்ரி தம்பியைக் கைநிறையத் தூக்கியதுகூடக் கிடையாது. ஒன்பதாம் நாள் நர்ஸ் ஒருத்தி ஹஸ்னியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அங்கியும் முகமூடியும் மாட்டிட்டு அஞ்சு நிமிஷம் போய்ட்டு வாங்கம்மா, நான் பாக்கல" என்றாள். ஹஸ்னியா போகவில்லை. வீட்டில் பால்குடிக்கிற பிள்ளை. விதி விதிதான். கண்ணாடிக்கு வெளியே நின்று தலையை மட்டும் ஆட்டினாள். உள்ளே அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே கண்ணாடியில் இருந்தது. பத்தாம் நாள் தட்டல் நகத்தால் சுரண்டுவதுபோல ஆனது. பதினோராம் நாள் தட்டல் இல்லை.

முப்பத்தொன்றாம் நாள் மதியம் மழை விட்டிருந்தது. திரையை இழுத்துவிட்டு அவள் காத்திருந்தாள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது.

தட்டல் அல்ல. சுரண்டல்.

மெல்ல. நின்று. மறுபடி மெல்ல.

நாளைக்கு இதுவும் இருக்காது என்று அவளுக்குப் புரிந்தது. இன்னும் பதினான்கு நாள். பதினான்கு நாள் ஒரு பிள்ளை இருட்டில் தனியாக இருக்குமா?

"வந்துட்டேன் தங்கம்," என்றாள். "அம்மா வந்துட்டேன்."

இடுக்கியை எடுக்கவில்லை. கையுறை போடவில்லை. கையைத் தோள்வரைக்கும் தண்ணீருக்குள் விட்டாள். வெதுவெதுப்பாக இருக்க வேண்டிய தண்ணீர் அது. மணிக்கட்டில் மட்டும், வளையல்போல, ஒரு குளிர் வந்து சுற்றிக்கொண்டது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழுதுகொண்டே அந்தக் குளிரைத் தடவிக் கொடுத்தாள். பிறகு பவளத்தை வெறுங்கையில் ஏந்தி, அறைக் கதவைக் காலால் தள்ளி, கூடத்துக்கு நடந்தாள். பெரிய தொட்டியின் நடுவில், தென்ரி பெயர் வைத்த மீன்களுக்கிடையில், அதை வைத்தாள்.

மீன்கள் எல்லாம் ஒரே மூலைக்கு ஓடின.

திரும்பிப் பார்த்தாள். வெள்ளைத் தரையில் அவள் கையிலிருந்து சொட்டிய தண்ணீர் அறை வாசலிலிருந்து ஒரு கோடாக வந்திருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு கோடு. கொஞ்ச தூரம் சேர்ந்தே வந்து, பாதியில் பிரிந்து, பாசோ தூங்கும் அறைக்குப் போயிருந்தது.

"தென்ரி?"

உள்ளே பாசோ சிரித்தான். கிச்சுகிச்சு மூட்டினால் சிரிக்கிற சிரிப்பு.

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு.

பாசோ அறையிலிருந்து வெளியே வந்தான். நடந்து வந்தான். நேற்றுவரை சுவரைப் பிடித்து நிற்கக்கூடத் தெரியாதவன். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. வலது கை தலைக்கு மேலே உயர்ந்து, எதையோ பிடித்திருந்தது. அங்கே ஒன்றுமில்லை. அவன் அந்த ஒன்றுமில்லாததை அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வோர் அடியாக, தென்ரியின் அறையை நோக்கி, அங்கே கறுப்புத் திரை இழுத்த இருட்டில் மூடி திறந்து கிடந்த தொட்டியை நோக்கி.

ஹஸ்னியா பாய்ந்து அவன் இடது கையைப் பிடித்தாள்.

"அவன விட்டுரும்மா," என்றாள். "சின்னப் பிள்ளைடி. அம்மா வர்றேன். அவனுக்குப் பதிலா அம்மா வர்றேன்."

பாசோவின் வலது கை கீழே இறங்கவில்லை. விரல்கள் ஒன்றோடொன்று அழுந்தி வெளுத்தன. பாசோவின் சிரிப்பு நின்றது. உதடு பிதுங்கியது. அவள் இழுத்தாள். எதிர்ப்பக்கமும் இழுத்தது. நோயாளிப் பிள்ளையின் பலவீனமான இழுப்பு, ஆனால் விடாத இழுப்பு.

பாசோவின் தோளில் ஏதோ 'களுக்' என்றது. அவன் வீறிட்டான்.

ஹஸ்னியா பிடியை விடவில்லை. அதுவும் விடவில்லை.