சும்மா நின்றால் புகைகிற கார்

மூன்றாவது லிட்டர் ஆயிலும் போன இடம் தெரியவில்லை.

கரோலினின் அப்பா பிராங்கிளின் காரின் முன்மூடியைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். துணியால் துடைத்தார். மறுபடி உள்ளே விட்டு உருவினார். கம்பியின் நுனியில் ஒரு பொட்டு ஆயில்தான் ஒட்டியிருந்தது. ஊற்றி இன்னும் பத்து நாள்கூட ஆகவில்லை.

“இது வண்டியா இன்னா? பெட்ரோலைவிட ஆயிலைத்தான் அதிகமா குடிக்குது,” என்றார் அவர்.

பக்கத்தில் டார்ச் பிடித்து நின்ற கரோலினுக்குக் கை வலித்தது. அவள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ராயபுரத்தில் அவர்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுவார்கள். கரோலின் மட்டும் நாலு ஞாயிறாக இந்த இன்ஜினுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அந்தப் பழைய வெள்ளைக் காருக்கு வயது பதினாறு. கரோலினைவிட ஐந்து வயது மூத்தது. அதை ஓட்டுவது அவளுடைய அம்மா ஜானட். அம்மா நர்ஸ். எண்ணூரில், முகத்துவாரக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை. தினமும் காலையில் போகிற வழியில் திருவொற்றியூரில் கரோலினைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போவார்.

ஆயில் எங்கே போகிறது என்பதற்கு ஆளுக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள்.

எங்கேயோ ஒழுகுகிறது என்றார் அப்பா. ஊற்றுகிற ஆயிலே மட்ட ரகம் என்றார் எதிர்வீட்டு சிலுவைமுத்து அங்கிள். மறுநாள் அவரே வந்து, யாரோ ஆயிலைத் திருடுகிறார்கள் என்று மாற்றிச் சொன்னார். எதற்காக ஒருவன் கறுத்துப்போன பழைய ஆயிலைத் திருடப் போகிறான் என்று அம்மா கேட்டதற்கு, உலகம் அப்படிக் கெட்டுக் கிடக்கிறது என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் விஷயம் பெரிதானது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போலச் சாலையை அடைத்து நின்றன. கார் நடுவில் மாட்டிக்கொண்டது. திடீரென்று அம்மாவுக்கு முன்னால் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. ஆயில் சுத்தமாகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அம்மா சட்டென்று இன்ஜினை நிறுத்தினார். பின்னாலிருந்த லாரிகள் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன. ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து, காரை ஓரமாகத் தள்ளிக் கொடுத்தார். ஆயில் வாங்கி ஊற்றிவிட்டு அம்மா கிளினிக் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. தடுப்பூசிக்குக் குழந்தைகளைத் தூக்கி வந்த பத்துப் பேர் வெயிலில் காத்திருந்தார்களாம்.

அன்று மாலையே டோல்கேட்டில் இருக்கும் மெக்கானிக் அப்சல் பாயிடம் காரைக் காட்டினார்கள். அவர் காதை வைத்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். புகைக்குழாய்க்குள் விரலை விட்டு, கறுப்பு மையைத் தேய்த்துப் பார்த்தார்.

“ஒழுகல் இல்ல சிஸ்டர். உள்ளுக்குள்ள ஆயில் எரியுது. ஆயிலை உள்ள விடாம தடுக்கிற பிஸ்டன் ரிங் தேஞ்சு போயிருக்கும். இன்ஜினை இறக்கிப் பிரிக்கணும்,” என்றார்.

அதற்கு ஆகும் செலவைக் கேட்டதும் அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் சாத்தாங்காட்டில் பழைய இரும்பு எடுக்கும் ஒருவருக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து காரைப் பார்ப்பதாக அவர் சொன்னார்.

கார் போய்விட்டால் அம்மா விடிந்ததும் பஸ் பிடிக்க வேண்டும். கரோலின் பள்ளி ஆட்டோவில் போக வேண்டும். மாலையில் அம்மா களைத்துப்போய் வருவார். வந்ததும் சமையல், துணி, போன். அம்மா அவளோடு மட்டும் பேசுகிற நேரம் என்றால் அது அந்தக் காரில் போகும் முக்கால் மணி நேரம்தான். அந்த முக்கால் மணி நேரத்தையும் சேர்த்துத்தான் எடைக்குப் போடப் போகிறார்கள்.

கரோலினுக்குக் கோபம் கோபமாக வந்தது. எல்லாரும் சொல்கிறார்கள். யாரும் பார்க்கவில்லை.

புதன்கிழமை மாலை அவள் பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, காருக்கு அடியில் விரித்தாள். காலையில் இழுத்துப் பார்த்தாள். அட்டையில் ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை. ஒரு பூனையின் கால் தடம் மட்டும் இருந்தது. ஒழுகலும் இல்லை, திருட்டும் இல்லை. அப்சல் பாய் சொன்ன மாதிரி உள்ளேதான் எரிகிறது.

எரிந்தால் புகை வருமே. எப்போது வருகிறது?

அன்று அவள் பின் இருக்கையில் ஏறி, முழங்காலிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அம்மா காரைக் கிளப்பினார். கண்ணாடிக்கு வெளியே குப்பென்று நீல நிறத்தில் புகை எழுந்தது. தெருமுனை வருவதற்குள் நின்றுவிட்டது.

“ஒழுங்கா உட்காரு கரோலின். பிரேக் போட்டா விழுவே,” என்றார் அம்மா.

“ஒரு நிமிஷம் மம்மி.”

“தினம் ஒரு தொல்லை. வண்டி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்.”

கரோலின் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்தை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டாள். மேம்பாலம் வந்தது. கார் முக்கி முனகி ஏறியது. இன்ஜின் அவ்வளவு சத்தம் போட்டது. ஆனால் பின்னால் புகையே இல்லை. அப்புறம் லாரி வரிசையில் பதினைந்து நிமிடம் நின்றார்கள். வழி கிடைத்து அம்மா காரை நகர்த்தியதும் மறுபடி குப்பென்று நீலப் புகை. பின்னால் பைக்கில் வந்தவர் இருமிக்கொண்டே முன்னால் வந்து, கண்ணாடியைத் தட்டித் திட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமையும் அப்படியே நடந்தது. காலையில் கிளப்பும்போது புகை. மேம்பாலத்தில் இல்லை. லாரி வரிசையில் நின்று கிளம்பும்போது புகை. கரோலினுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை காலை இட்லி சாப்பிடும்போது அவள் இதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அப்பா போனில் இரும்புக்காரருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். சிலுவைமுத்து அங்கிள் வாசலில் நின்று, நாலு டயரையும் தனியாக விற்றால்தான் லாபம் என்று யோசனை சொன்னார். அவள் மூன்று முறை ஆரம்பித்தாள். மூன்று முறையும் யாராவது குறுக்கே பேசினார்கள்.

கரோலின் தட்டை நகர்த்தி வைத்தாள். சமையலறைக்குள் போய் அம்மாவின் எதிரில் நின்றாள்.

“மம்மி, உங்க கிளினிக்குக்கு ஒருத்தர் இருமலோட வந்தா எப்ப எப்ப இருமல் வருதுன்னு கேப்பீங்க இல்ல? நம்ம காரை யாருமே அப்படிக் கேக்கல.”

சாம்பாரைக் கிளறிய அம்மாவின் கை நின்றது. சலிப்போடு அவளைப் பார்த்தார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, “சரி, சொல்லு,” என்றார்.

கரோலின் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

டோல்கேட்டில் அப்சல் பாய் ஒரு ஆட்டோவுக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தலையை நீட்டியவருக்கு அவர்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. பார்த்தாகிவிட்டது, சொல்லியாகிவிட்டது, இன்னும் என்ன என்றார். பாப்பாவுக்கு ஏதோ சொல்ல வேண்டுமாம் என்றார் அம்மா.

“ஸ்கூல்ல ரிப்பேரும் சொல்லித் தராங்களா பாப்பா?”

கேலி செய்கிறார் என்று கரோலினுக்குப் புரிந்தது. ஆனாலும் கேட்டாள். “பாய், மேம்பாலம் ஏறும்போது வண்டி ரொம்ப கஷ்டப்படுது. அப்ப புகையே இல்ல. லாரி வரிசையில சும்மா நின்னுட்டுக் கிளம்பும்போதுதான் புகையுது. காலையில கிளப்பும்போதும் கொஞ்ச நேரம் புகையுது. ரிங் தேஞ்சிருந்தா கஷ்டப்படும்போது தானே நிறைய புகையணும்?”

அப்சல் பாய் ஆட்டோவுக்கு அடியிலிருந்து நகர்ந்து வந்தார். மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

“நல்லா பார்த்தியா?”

“ரெண்டு நாள் பார்த்தேன். கழுத்து இன்னும் வலிக்குது.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பைக்கை எடுத்தார். அம்மா காரை ஓட்ட, அவர் பின்னாலேயே வந்தார். மேம்பாலத்தில் ஏறி இறங்கினார்கள். புகை இல்லை. கடைக்குத் திரும்பியதும் அப்சல் பாய் இன்ஜினை ஓடவிட்டபடியே காரைப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தார். பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்தார். நீலப் புகை கடை முழுக்கப் பரவி, பக்கத்து டீக்கடைக்காரரையும் இரும வைத்தது.

அதோடு விடாமல், இன்ஜினின் நாலு பிளக்கையும் கழற்றினார். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு மீட்டரைப் பொருத்தி, உள்ளே எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று பார்த்தார். நாலிலும் முள் நன்றாக ஏறி நின்றது.

“ரிங் போயிருந்தா முள் ஏறாது. ரிங் நல்லா கீது சிஸ்டர்,” என்றார் அப்சல் பாய். “வால்வு சீல்தான் போயிருக்கு. ரப்பர் சாமான், விரல் நுனி அளவுதான் இருக்கும். வயசாகி இறுகிப் போச்சு. வண்டி சும்மா நிக்கிற நேரத்துல அது வழியா ஆயில் கசிஞ்சு உள்ள எரியுது. இன்ஜினை இறக்க வேணாம். திங்கக்கிழமை சாயங்காலம் வண்டி கையில இருக்கும்.”

பிறகு கரோலினிடம் குனிந்து, “சத்தத்தை மட்டும் கேட்டுட்டு அவசரப்பட்டுச் சொல்லிட்டேன், பாப்பா. இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கணும்,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா முதலில் நம்பவில்லை. அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள் கரோலின். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வெளியே போய் இரும்புக்காரரிடம், வர வேண்டாம் என்று போனில் சொன்னார். டயரையாவது விற்கலாமே என்ற சிலுவைமுத்து அங்கிளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் ஊற்றிய அளவிலேயே இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மூன்றாம் முறையும் பார்த்தார். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல், முன்மூடியைச் சாத்திவிட்டுத் தெருப் பிள்ளைகளுக்குப் பந்து வீசப் போய்விட்டார்.

மறுநாள் காலை லாரி வரிசை இன்னும் நீளமாக இருந்தது. கரோலின் முன் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கிளினிக்கில் ஊசிக்குப் பயந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட ஆறடி உயர மீனவர் ஒருவரைப் பற்றி அம்மா சொல்லிக்கொண்டு வந்தார். முன்னால் வழி கிடைத்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

“இருங்க மம்மி,” என்றாள் கரோலின். “அவரை வெளியே எப்படி வரவெச்சீங்க, அதைச் சொல்லிட்டுக் கிளப்புங்க.”