சந்துரு பார்த்த பூநாரைகள்

துளசிராமனுக்கு ஞாயிற்றுக்கிழமையில் விடுமுறை கிடைப்பது அபூர்வம். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்யும் ஆலை ஒன்றில் அவருக்கு வேலை. ஊரே சுற்றிப் பார்க்கக் கிளம்பும் நாளில்தான் அவருக்கு ஷிப்ட் விழும். அதனால், பொங்கல் கழிந்த ஞாயிறன்று பழவேற்காட்டுக்குப் போய்ப் பூநாரைகளைப் பார்க்கலாம் என்று அவர் சொன்னபோது வீட்டில் யாரும் முதலில் நம்பவில்லை.

அவர் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் நம்பினார்கள்.

அம்மா செல்வி அவசரமாகப் புளிச்சோறு கிளறினாள். ஆறாம் வகுப்புப் படிக்கும் காயத்ரி தண்ணீர் பாட்டில்களை நிரப்பினாள். அவளுடைய தம்பி சந்திரமோகனுக்கு எட்டு வயது. வீட்டில் எல்லோருக்கும் அவன் சந்துரு. அவன் ஒரு வேலையும் செய்யவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, எல்லோரையும் அவசரப்படுத்தினான்.

பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ். பழவேற்காட்டில் இறங்கியதும் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. ஏரியின் குறுக்கே நீளமாக ஒரு பாலம் போனது. அதன் ஆரம்பத்தில் மீனவப் பெண்கள் கூடைகளில் நண்டு வைத்து விற்றார்கள். அம்மா அங்கேயே நின்றுவிட்டாள்.

"நீங்க போய் பறவ பாருங்க. நான் நண்டு பாக்கறேன்" என்றாள்.

மற்ற மூவரும் பாலத்தின் மேல் நடந்தார்கள். பாதி தூரம் போனதும் அப்பா சட்டென்று நின்றார். இடது பக்கம், ஆழமில்லாத தண்ணீரில், பூநாரைகள் கூட்டமாக நின்றன. நூற்றுக்கணக்கில் இருக்கும். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, ஏரிக்கு யாரோ கரை வைத்துத் தைத்ததுபோல் இருந்தது.

"அதோ பாருடா சந்துரு" என்று அப்பா கை நீட்டினார்.

"ஆமா நைனா, சூப்பரா கீது" என்றான் சந்துரு.

காயத்ரி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தது வலது பக்கம். அங்கே கட்டிப்போட்ட படகுகள்தான் இருந்தன.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. அவனைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய், பறவைகள் என்ன நிறம் என்று கேட்டாள். அவன் கொஞ்சம் யோசித்து, மஞ்சள் என்றான்.

"சந்துரு, உனக்குத் தெரியலியா?"

அவன் பாலத்தின் கைப்பிடியை நகத்தால் சுரண்டினான். பிறகு மெதுவாகச் சொன்னான். தூரத்தில் இருப்பதெல்லாம் அவனுக்குக் கலங்கலாகத்தான் தெரியுமாம். வகுப்பில் கரும்பலகைகூட அப்படித்தானாம்.

கணக்கைத் தப்பாக எழுதி வருகிறான், கவனமே இல்லை என்று அப்பா அவனைத் திட்டியதெல்லாம் காயத்ரிக்கு நினைவு வந்தது. ஒரு தடவை அவளும் சேர்ந்து கிண்டல் செய்திருந்தாள்.

"ஏன்டா சொல்லல?"

"கண்ணாடி போட்டுடுவாங்க. அப்புறம் நம்ப தெரு கபடி டீம்ல சேர்த்துக்க மாட்டாங்கக்கா. சோடாபுட்டின்னு கூப்புடுவாங்க. நீ நைனாகிட்ட சொல்லாத. சத்தியம் பண்ணு."

அவன் கண்ணில் நீர் கோத்திருந்தது. காயத்ரி சத்தியம் செய்துவிட்டாள். செய்த பிறகுதான் சங்கடமாக இருந்தது. சொன்னால் வாக்குத் தவறியதாகிவிடும். சொல்லாவிட்டால் தம்பி இவ்வளவு தூரம் வந்தும் ஒன்றையும் பார்க்காமல் வீடு திரும்புவான்.

அப்போது பாலத்தில் கொஞ்சம் தள்ளி ஓர் அக்கா நின்றிருந்தார். கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. காயத்ரி தயங்கித் தயங்கி அவரிடம் போனாள். அவர் பெயர் ஹம்ஸா. திருவள்ளூரிலிருந்து பறவை பார்க்க வந்திருந்தார். தம்பிக்குக் கொஞ்ச நேரம் பைனாகுலர் வேண்டும் என்று காயத்ரி கேட்டதும், கழற்றிக் கொடுத்துவிட்டார். நடுவில் இருக்கும் சக்கரத்தை அவரவர் கண்ணுக்கு ஏற்றபடி திருப்பிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

சந்துருவுக்கு அதை வாங்கிக்கொள்ள மனமில்லை. இதிலும் தெரியாமல் போனால் என்ன செய்வது என்று பயந்தான். காயத்ரி பைனாகுலரின் வாரை அவன் கழுத்தில் மாட்டி, தோளைப் பிடித்து இடது பக்கம் திருப்பிவிட்டாள்.

"நான் மெதுவா சுத்தறேன். தெளிவா தெரிஞ்சா நில்லுன்னு சொல்லு."

அவள் சக்கரத்தைத் திருப்பினாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

"நில்லு" என்றான் சந்துரு.

பைனாகுலரைக் கண்ணோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அதுங்களுக்கு எவ்ளோ நீட்டு காலு" என்றான். "ஒண்ணு தலைய தண்ணிக்குள்ள உட்டு தேடிக்கினு கீது. இன்னொண்ணு அத்த முட்டிட்டுப் போவுது. சண்ட போடுதுங்கக்கா."

ஒரு கூட்டம் எழும்பிப் பறந்தது. இறக்கைகளுக்கு அடியில் சிவப்பும் கறுப்பும் பளீரென்று விரிந்தன. சந்துரு வாயைத் திறந்தபடி அவற்றோடு கூடவே திரும்பினான். அப்படியே அவன் பார்வை பாலத்தின் ஆரம்பம் வரை வந்துவிட்டது.

"அம்மா" என்றான். "அம்மா ஒரு நண்டத் தூக்கிப் பாக்குது. அது காலை ஆட்டுது. ஐயோ, கூடையிலயே போட்டுட்டு பின்னால ஓடுது. நண்டு விக்கற ஆயா சிரிக்கறாங்க. அம்மாவும் சிரிக்குது."

அவன் பைனாகுலரை இறக்கினான். அம்மா மறைந்து, ஒரு நீலப் புள்ளி மட்டும் மிஞ்சியது. மறுபடி தூக்கினான். அம்மா வந்துவிட்டாள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தான்.

காயத்ரி எதுவும் சொல்லவில்லை. சத்தியம் செய்திருந்தாளே.

சந்துருவே பைனாகுலரைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். நேராக அப்பாவிடம் போனான்.

"நைனா, எனக்குத் தூரத்துல இருக்கறது ஒண்ணும் தெரியமாட்டேங்குது. கிளாஸ்ல போர்டும் தெரியல."

அப்பா ஏரியிலிருந்து முகத்தைத் திருப்பி அவனைப் பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். ரொம்ப நாளாக என்றான் அவன். அவர் குனிந்து அவனைத் தூக்கிக்கொண்டார். எட்டு வயதுப் பையனைத் தூக்குவது சுலபமில்லை. ஆனாலும் இறக்கிவிடவில்லை.

"நான் உன்ன திட்டிக்கினே இருந்தேனேடா" என்று மட்டும் சொன்னார்.

சந்துரு கபடி விஷயத்தையும் சொல்லிவிட்டான். காயத்ரி யோசித்தாள்.

"கபடியில உன்ன புடிக்க வர்றவன் எங்க நிப்பான்? கைக்கு எட்டுற தூரத்துலதான? அது உனக்கு நல்லாத்தான் தெரியும். ஆடும்போது கழட்டி என்கிட்ட குடுத்துடு. நான் பத்திரமா வெச்சிக்கினு நிக்கறேன்."

சந்துரு அதை மனதுக்குள் ஆடிப் பார்த்தான் போலிருக்கிறது. சரி என்று தலையாட்டினான்.

ஹம்ஸா பைனாகுலரை உடனே திரும்பக் கேட்கவில்லை. அம்மாவும் வந்து பார்த்தாள். பிறகு எல்லோரும் பாலத்தடி நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள். அம்மா கடைசிவரை நண்டு வாங்கவில்லை. விலை ஒத்துவரவில்லை என்றாள். சந்துருவுக்கு உண்மைக் காரணம் தெரியும்.

மறுநாள் அப்பா லீவு சொல்லிவிட்டு அவனைப் பொன்னேரியில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த வாரக் கடைசியில், கண்ணாடியை வாங்கிவரக் காயத்ரியும் கூடப் போனாள். கறுப்புச் சட்டம். மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்ததும் சந்துரு ஒவ்வொரு பெயர்ப்பலகையாக நின்று படித்தான். பஸ்ஸில் ஏறிய பிறகும் விடவில்லை. டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, வரப்போகும் ஊர்ப் பெயர்களை எல்லாம் தூரத்திலேயே பலகையில் படித்துச் சத்தமாகச் சொன்னான்.

தச்சூர் போயிற்று. கவரைப்பேட்டையும் வந்தது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"தம்பி, எனக்குத் தொண்ட கட்டிக்கினு கீது. கும்மிடிப்பூண்டி வரைக்கும் நீயே சொல்லிக்கினு வா" என்றார்.

சந்துரு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வேலையைத் தொடங்கினான். அன்றைக்கு அந்த பஸ்ஸில் ஒருவரும் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிடவில்லை.