பதினொரு மணிப் படம்

பத்தே முக்காலுக்கு வலது கையுறையைக் கழற்றி, கட்டைவிரலை வாய்க்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்வது என் வழக்கம். பார்ப்பதற்கு நாற்பது வயதுக் குழந்தை மாதிரிதான் இருக்கும். பார்க்க யாரும் இல்லை என்பது ஒரு வசதி.

சரியாகப் பதினொரு மணிக்குக் குடிலுக்கு வெளியே கல்தூணில் பொருத்திய கேமராவின் தகட்டில் அந்த விரலை அழுத்துவேன். கருவி என் நாடித்துடிப்பைக் குறித்துக்கொண்டு எதிரே இருக்கும் பனிச்சரிவைப் படம் எடுக்கும். படத்தின் அடியில் துடிப்பின் எண் இருக்கும். இதற்குச் சட்டத்தில் நாடிப்படம் என்று பெயர். நாங்கள் விரல் உரியும் படம் என்போம். உறைந்த இரும்பைத் தொட்டவர்களுக்குக் காரணம் புரியும்.

எந்தப் படத்தையும் யாரும் நொடியில் உண்டாக்கிவிடலாம் என்று ஆன பிறகு நீதிமன்றங்கள் படங்களையே நம்புவதில்லை. செயற்கைக்கோள் படமும் செல்லாது. படத்துக்குப் பின்னால் ஓர் இதயம் அந்த இடத்தில் நின்று துடித்திருக்க வேண்டும். அதுவும் அந்த மலையின் தண்ணீரைக் குடிக்காத இதயமாக இருக்க வேண்டும். ஆதாயம் உள்ளவர் சாட்சி சொல்லக் கூடாதே. அதனால்தான் இமயத்தின் பனிக்குச் சாட்சி சொல்ல, பனியையே பார்க்காத திசையன்விளையிலிருந்து இசக்கியம்மாள் என்கிற என்னைக் கூட்டிவந்தார்கள்.

முப்பது குளிர்காலம், தலா நூற்றிருபது நாள், ஒரு நாளும் விடாமல் இரண்டு பக்கத்திலிருந்தும் படம் இருந்தால் அந்தச் சரிவு உயிர்ப்பனி ஆகிவிடும். பிறகு யாரும் அதை வெட்ட முடியாது. ஒரு நாள் விட்டுப்போனாலோ படத்தில் ஒரு காலடி தெரிந்தாலோ கணக்கு முறிந்துவிடும். முறிந்த சரிவைப் பனிக்கட்டி நிறுவனம் கேட்டு வாங்கிக்கொள்ளும். கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் ஒன்பது ஊருக்கும் இந்தச் சரிவுதான் கோடைத் தண்ணீர். இது முப்பதாவது குளிர்காலம். நான் சொல்லப்போகும் அந்த நாளில் மிச்சம் ஐந்து நாள்.

சரிவின் அந்தப் பக்கத்துக் குடிலில் மிக்கேல் அண்ணாச்சி இருந்தார். மணப்பாட்டுக்காரர். அவருக்கு இது பதினோராவது குளிர்காலம், எனக்கு நான்காவது. நான்கு வருடமாக அவருடைய முகத்தை நான் பார்த்ததில்லை. நடுவில் மூன்று மணி நேர நடை. ஆனால் சரிவை மிதிக்கக் கூடாது. மலையைச் சுற்றிப் போக இரண்டு நாள். வருவதும் போவதும் தனித்தனி வானூர்தியில். தினமும் காலையில் பத்து நிமிடம் வாக்கி டாக்கியில் பேசலாம். அவர் கணவாய்க் கருவாட்டைப் பற்றிப் பேசுவார். நான் பனங்கிழங்கைப் பற்றி. இந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் எனக்கு என்றைக்கோ பித்துப் பிடித்திருக்கும்.

அந்த வாரம் அவருடைய படங்களில் வழக்கமான எழுபத்திரண்டு, தொண்ணூறானது. மறுநாள் நூற்றுப் பத்து. அதற்கு மறுநாள் நூற்றிருபத்தாறு. ஒருவருடைய படத்தை மற்றவர் திறந்து பார்க்கக் கூடாது என்பது விதி, எண்ணை மட்டும் பார்க்கலாம். கேட்டால் மழுப்பினார்.

"சளித் தடுமம்தான் இசக்கி. பெருசா ஒண்ணுமில்ல. இன்னும் ஆறு நாளுதான கெடக்கு."

ஒவ்வொரு இரண்டு வார்த்தைக்கும் ஒரு மூச்சு வாங்கினார். உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் இப்படித்தான் இருக்கும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை அவர் பதிலே பேசவில்லை.

எங்களை அனுப்பிய அலுவலகத்தைக் கூப்பிட்டேன். காற்று அடங்கும்வரை வானூர்தி வராது, இரண்டு நாள் ஆகும் என்றார் அதிகாரி. சரிவைக் கடந்து நான் போகட்டுமா என்று கேட்டேன். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. காலடி விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும் என்று மட்டும் சொன்னார். நன்றாகத்தான் நழுவினார்.

மணி ஒன்பது. பதினொரு மணிப் படத்தை எடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்றால், மதியத்துக்கு மேல் சரிவில் காற்று ஆளைத் தூக்கிவிடும். ஒன்பது ஊர் ஒரு பக்கம், ஒரு குரல் ஒரு பக்கம். ரொம்ப நேரம் யோசித்தேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில், குடிலின் அமைதியில் இன்னும் ஐந்து நாள் தனியாக உட்கார எனக்குப் பயமாக இருந்தது. பிராணவாயு உருளையை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

முதல் அடி வைக்கும்போது கால் கூசியது. நான்கு வருடம் கோயில் கருவறை மாதிரி விலகி நின்று பார்த்த இடம். முழங்கால்வரை புதைந்து நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் என் தடம் தெரியும். நடுச்சரிவில் கைக்கடிகாரம் பதினொரு மணிக்கு ஒலித்தது. பழக்கதோஷம், நின்றுவிட்டேன். கையுறைக்குள் கட்டைவிரல் தானாக அழுந்தியது. இருபத்தொன்பது வருடமும் நூற்றுப் பதினைந்து நாளும் அந்த இடத்தில் முடிந்துபோயின. அழுகையாக வந்தது. அழுதால் கண்ணிமை ஒட்டிக்கொள்ளும் என்பதால் மறுபடி நடந்தேன்.

அண்ணாச்சி குடிலின் வாசலில், கேமராத் தூணில் சாய்ந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. வலது கையில் கையுறை இல்லை. உள்ளே இழுத்துப்போட்டுப் பிராணவாயுக் குழாயை மூக்கில் வைத்தேன். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கெடுத்திட்டியே, இசக்கி."

அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து வானூர்தி வந்து எங்களை ஏற்றிக்கொண்டபோதும் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விசாரணை கால் மணி நேரம்தான். என் பக்கத்துப் பதினொரு மணிப் படம் இல்லை, அது ஒன்றே போதும் என்றார்கள். அவர் பக்கத்துப் படத்தைத் திறக்கக்கூட இல்லை. ஒன்பது ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். ஒருவராவது என்னைத் திட்டியிருக்கலாம். எல்லோரும் எழுந்து வெளியே போனார்கள். வைகாசியில் நிறுவனத்தின் ரம்பங்கள் சரிவில் ஏறின.

இப்போது ஊரில் இருக்கிறேன். அண்ணாச்சியும் மணப்பாட்டில்தான், பஸ்ஸில் ஒரு மணி நேரம். இரண்டு முறை போனேன். தூங்குகிறார் என்று அவர் வீட்டில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை போகவில்லை. காலை பத்து நிமிடம் யாரிடமும் பேசாமல் தேநீரோடு உட்கார்ந்திருப்பேன்.

போன வாரம் ஓர் உறை வந்தது. உள்ளே காகிதத்தில் அச்சிட்ட நாடிப்படம், பின்னால் அவருடைய கோணல் கையெழுத்து.

"ஆயிரத்து முந்நூறு படத்துக்கு மேல எடுத்திருக்கேன். ஆளு இருக்குத படம் இது ஒண்ணுதான். தூரத்துல நீ வாரது தெரிஞ்சுது. எடுக்காம இருக்க மனசு வரல. ஞாயித்துக்கிழமை வா."

திருப்பிப் பார்த்தேன். அடியில் நூற்று முப்பத்தொன்று என்று இருந்தது. வெள்ளைச் சரிவின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, அதற்குப் பின்னால் ஒற்றைக் கோடாக என் காலடிகள். மணி சரியாகப் பதினொன்று. அந்தப் புள்ளி நின்றுகொண்டிருந்தது.