எட்டாவது வரி

இணையப் பக்கத்தில் இருந்தவை ஏழு படங்கள்தான். பட்டியலில் எட்டு வரிகள் இருந்தன.

தங்கள் வீட்டை வாடகைக்கு விட அவளே செய்த பக்கம் அது. கேட், கூடம், சமையலறை, மாடிப்படி, நடை, இரண்டு படுக்கையறைகள். ஒவ்வொரு படமும் எந்த நொடியில், திரையில் எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்று உலாவி குறித்துக்கொள்வதை வரிவரியான பட்டியலாகத் தன் கணினியில் வாங்கிப் பார்ப்பது பத்து வருடமாக அவள் பிழைப்பு. எட்டாவது வரியில் படத்தின் பெயர் இல்லை. இடமும் அளவும் மட்டும். கேட் படத்தின் மேல், ஆள் உயரத்துக்கு ஒரு கட்டம்.

வெளியூரில் இருந்த கணவனுக்குக் கணினியிலிருந்தே செய்தி அனுப்பினாள். வாடகை கொடுக்காமலே ஒருவன் குடிவந்துவிட்டான் போல என்று பதில் வந்தது.

சிரித்துக்கொண்டே பக்கத்தை மறுபடி திறந்தாள். கட்டம் கூடத்துப் படத்தில் இருந்தது. கணக்கில் ஏதோ பிசகு என்று இன்னொரு முறை திறந்தபோது, மழைக்கு இருண்டிருந்த அந்த மதியத்தில், சாத்திய ஜன்னல்களையும் மீறி ஈர மண்ணின் வாடை மாடிக்கு ஏறி வந்தது. கீழே நாற்காலி ஒன்று தரையில் மெல்ல இழுபட்டு நின்றது. கட்டம் மாடிப்படியில். கை பழக்கத்தில் மீண்டும் ஒரு முறை தட்டிவிட்டது.

நடை.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். பக்கத்தைத் திறந்தால்தான் அது நகர்கிறது. திறக்காவிட்டால் அங்கேயே நிற்கும். அவள் அறைக் கதவுக்கும், காய்ச்சலோடு மகள் படுத்திருந்த பக்கத்து அறைக் கதவுக்கும் நடுவில்.

எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஈர வாடை. திறக்கத் துணிவு வரவில்லை.

"அம்மா, உன் போன்ல நம்ம வீடு இருக்கு." சுவருக்கு அப்பால் மகளின் குரல். பக்கத்தைப் போனிலும் சோதிப்பதுண்டு. போன் மகளிடம் இருந்தது. "படமெல்லாம் மெதுவா வருதும்மா. மறுபடி திறக்கட்டா?"

"வேண்டாண்டி. தொடாதே."

"தொட்டுட்டேனே."

போனில் திறந்தாலும் வரிகள் அவள் கணினிக்குத்தான் வரும். திரும்பிப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. ஏழு.

எட்டு.

பக்கத்து அறையில் கட்டில் ஒருமுறை முனகியது.

மகளின் அறைப் படம். கட்டம் இப்போது நின்றபடி இல்லை. உயரம் குறைந்து, நீளம் கூடி, கட்டிலின் அளவுக்குப் படுத்திருந்தது.