சந்திக் கண்ணாடியில் ஒருத்தி

கண்ணாடியில் மட்டும் அந்தப் பொம்மை சரியாக இருந்தது.

முதலில் நெங்கா தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். பந்தப் புகை, மூங்கில் சட்டத்தைத் தோளில் சுமந்து வந்த இளவட்டங்களின் வியர்வை நெடி, காதை அடைக்கும் தாளச் சத்தம், எல்லாம் சேர்ந்து நாற்சந்தியே ஆடுவதுபோல் இருந்த நேரம் அது. நியெப்பி என்ற மௌன நாளுக்கு முந்தின சாயங்காலம். ஊரிலிருக்கும் கெட்டதையெல்லாம் ஒரு ஓகோ-ஓகோ பொம்மைக்குள் இறக்கி, தெருத்தெருவாகத் தூக்கிப் போய், ஒவ்வொரு சந்தியிலும் மூன்று சுற்று சுற்றி, அதற்குத் தலை கிறுகிறுத்து வழி மறந்த பிறகு சுடுகாட்டில் கொளுத்திவிடுவார்கள். மறுநாள் முழுக்க ஊர் மூச்சுக் காட்டாது. விளக்கு இல்லை, அடுப்பு இல்லை, பேச்சு இல்லை, வாசல் தாண்டக் கூடாது.

இந்த வருஷத்துப் பொம்மையைச் செய்தவன் லந்த்ரா. சிற்பி என்று பெயர் எடுத்தவன் இப்படிச் செய்வானா என்று பையன்கள் வாய்விட்டே கேட்டார்கள். தலை ஒரு பக்கமாக வீங்கி, கழுத்து இழுபட்டு, இடது கை தரையைத் தேய்க்க, வலது கை வானத்தில் விரிந்து, முகம் என்று சொல்ல ஒன்றுமில்லாமல் வழிந்து கிடந்தது.

"ஏண்ணே, வெயில்ல வெச்சிட்டு மறந்துட்டீங்களா?" என்றான் ஒருவன்.

"தூக்குங்கடா. போற வழியில சரியாயிடும்," என்றான் லந்த்ரா.

சந்தியின் திருப்பத்தில், நெங்காவின் வீட்டு வாசலுக்கு எதிரே, உயரக் கம்பத்தில் ஒரு குமிழ்க் கண்ணாடி இருந்தது. ஓட்டல் பஸ்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வைத்தது. பொம்மை அதற்குக் கீழே வந்தபோது, வீங்கியது ஒடுங்கி, இழுபட்டது கூடி, வழிந்ததெல்லாம் அதனதன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கண்ணாடிக்குள் ஒரு பெண் நின்றாள். அவிழ்ந்த கூந்தல். நிறைமாத வயிற்றில் ஒரு கை. இன்னொரு கை, கதவைத் தட்டுவதற்கு ஓங்கினபடி. சுமெர்த்தி. லந்த்ராவின் செத்துப்போன பெண்டாட்டி.

மற்றவர்கள் எல்லாரும் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியைப் பார்க்கும் இடத்தில் நின்றது நெங்கா ஒருவர்தான். ஆனால் பொம்மை சுற்ற ஆரம்பித்தால் கூட்டமும் சுற்றும், யாராவது நிமிர்வார்கள், பார்த்துவிடுவார்கள். அந்தப் பயம்தான் அவரை முந்திக்கொண்டது.

"இங்க சுத்த வேண்டாம். நேரமாச்சு, நேரா சுடுகாட்டுக்குப் போங்க," என்று கத்தினார்.

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய சந்தியில் சுற்றாமல் போவது இதுவரை நடந்ததில்லை. ஆனால் நெங்கா பன்ஜார் என்ற ஊர்ச்சபையின் தலைவர். பேச்சுக்கு மறுபேச்சு பேசினால் என்ன ஆகும் என்பது ஊருக்கே தெரியும். பந்தத்தோடு பக்கத்தில் வந்த லந்த்ரா மட்டும் நின்று, அவரைப் பார்த்து, பணிவாகத் தலையாட்டினான். "தலைவர் சொன்னா சரிதான்."

ஊருக்குத் தெரிந்த கதை இது. ஓட்டலுக்குப் போகும் சாலைக்காக லந்த்ராவின் தென்னந்தோப்பில் ஒரு துண்டு தேவைப்பட்டது. அவன் தரமாட்டேன் என்றான். நெங்கா கூட்டத்தைக் கூட்டினார், இனிக்க இனிக்கப் பேசினார், அவன் குடும்பத்தை ஊர் விலக்கு செய்தார். யாரும் பேசக் கூடாது, நெருப்பு தரக் கூடாது, நல்லது கெட்டதுக்கு நிற்கக் கூடாது. மழைக்காலத்தில் ஒரு நாள் சுமெர்த்திக்கு வலி வந்தது. ஓடை பெருகிக் கிடந்தது. பெரிய ரோடு வரைக்கும் அவளைத் தூக்கிப் போக ஆள் வேண்டும். லந்த்ரா வாசல் வாசலாகத் தட்டினான். கடைசியில் அவளே எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நெங்காவின் கதவைத் தட்டினாள். ஊருக்குத் தெரியாதது, அப்போது நெங்கா விழித்துத்தான் இருந்தார். வளையல் மரக்கதவில் உரசும் சத்தம் கேட்டது. விளக்குத் திரியை இறக்கிவிட்டுப் படுத்துக்கொண்டார். விடியும்போது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. சுடுகாட்டில் இடம் வேண்டும் என்பதற்காக லந்த்ரா கூட்டத்தில் எல்லார் காலிலும் விழுந்தான். தோப்புத் துண்டையும் கொடுத்தான். பெரிய மனசு பண்ணி அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று பொம்மை எரிந்து முடிகிறவரை நெங்கா சுடுகாட்டை விட்டு நகரவில்லை. கடைசி மூங்கில் வெடித்துச் சாம்பலானதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார்.

நியெப்பி விடிந்தது. சேவல் கூவியதோடு சரி, அதற்குப் பிறகு உலகத்தில் யாரும் இல்லாததுபோல் ஒரு அமைதி. முந்தின நாள் வடித்த சோறு ஆறிக் கிடந்தது. நெங்காவின் மகள் ரத்னி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். புருஷன் கப்பலில் வேலை. நாள் நெருங்கிவிட்டது, இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்றுதான் வீட்டில் எல்லாருடைய வேண்டுதலும். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, அப்பாவைப் பார்த்து வயிற்றைத் தட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நெங்கா எதையும் செய்வார். அவள் ஒருத்திதான் அவருக்கு.

முற்றத்துக்கு அந்தப் பக்கத்துச் சுவரில் ஒரு கறை இருந்தது. நேற்று இல்லை. நீளமாக, கீழே அகன்று, மேலே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போன கறை. ஈரம் என்றாள் மனைவி விராத்தி, சைகையால். நெங்காவும் ஈரம் என்றே வைத்துக்கொண்டார். அப்புறம் தற்செயலாக டெலிவிஷன் பெட்டியைப் பார்த்தார். அணைந்து கிடந்த திரை முட்டைபோல் புடைத்திருக்கும் பழைய பெட்டி. அந்தக் கறுப்புக் கண்ணாடியில் முற்றம் தெரிந்தது, சுவர் தெரிந்தது. சுவரோரமாக ஒரு பெண் நின்றிருந்தாள்.

திரும்பிப் பார்த்தார். கறை.

எழுந்து போய்ப் பெட்டியின் மேல் ஒரு துணியைப் போட்டார். மத்தியானம் தண்ணீர் குடிக்கப் போனபோது, பித்தளைச் செம்பின் வயிற்றில் அவள் முற்றத்தின் நடுவில் இருந்தாள். செம்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். கரண்டிகளைத் துணியில் சுற்றினார். ஈரக் காகிதமும் பசையும் எரிந்த வாடை, பொம்மை எரிந்தபோது வந்த அதே வாடை, வீட்டுக்குள் மெதுவாக நிறைந்துகொண்டிருந்தது. அது சந்தியில் சுற்றியிருந்தால் வழி மறந்திருக்கும். சுற்றவிடாமல் அனுப்பியது யார்? நானேதான் என்று அவருக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனாலும் பகல் போய்விட்டது, விடிந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

இருட்டியதும் ரத்னி முனகினாள்.

விராத்தி தடவிப் பார்த்துவிட்டு அவர் காதருகே வந்தாள். "தண்ணி உடைஞ்சிருச்சு. பிள்ளை குறுக்கால கெடக்குற மாதிரி இருக்கு. போய்க் காவக்காரங்களக் கூப்பிடுங்க. பிரசவத்துக்குத் தடை இல்லைல்ல."

தடை இல்லைதான். காவல் சுற்றும் பையன்களிடம் சொன்னால் போதும், அவர்களே வண்டி வரவழைப்பார்கள். நெங்கா முற்றத்துக்கு வந்தார். நட்சத்திர வெளிச்சத்தில் சுவர் வெறுமையாக இருந்தது. கறை போய்விட்டது. அப்பாடா என்று இருந்தது அவருக்கு. கதவைத் திறந்து தெருவில் கால் வைத்தார்.

கால் எங்கேயோ போய் விழுந்தது. படி இவ்வளவு ஆழமா? ஒரு குளிர் அவர் உடம்புக்குள் புகுந்து, மாவு பிசைவதுபோல் ஒருமுறை பிசைந்துவிட்டு வெளியேறியது. தலை சுற்றுகிறது, அவ்வளவுதான், வெறும் வயிறு, என்று நினைத்துக்கொண்டு நடந்தார்.

திருப்பத்தில் கட்டம்போட்ட வேட்டியோடு காவல்காரர்கள் இருவர் வந்தார்கள். ஒருவன் தம்பி மகன் தர்மா. நெங்காவுக்கு உயிர் வந்தது.

"தர்மா, ரத்னிக்கு வலி வந்திருச்சு. வண்டிக்குச் சொல்லுடா."

தர்மா டார்ச்சை அடித்தான். வெளிச்சம் நெங்காவின் முகத்தில் விழுந்தது. அப்புறம் இடது பக்கம் வெகு தூரம் போனது. அப்புறம் மேலே, மேலே. டார்ச் கீழே விழுந்தது. இருவரும் ஓடினார்கள். இன்றைய நாளில் கத்தக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டே ஓடினார்கள்.

நெங்கா டார்ச்சை எடுக்கக் குனிந்தார். வெளிச்சத்துக்குள் ஒரு கை வந்தது. விரல்கள் தெருவின் அந்த ஓரம்வரை நீண்டு கிடந்தன. கட்டைவிரலில் அவருடைய மோதிரம், ஒரு வளையல் அளவுக்கு.

வீட்டுக்குள்ளிருந்து ரத்னியின் அலறல் வந்தது.

பக்கத்து வீட்டைத் தட்டினார். உள்ளே ஒரு குழந்தையின் வாயை யாரோ பொத்தினார்கள். அடுத்த வீடு. பாய் நகரும் சத்தம். நின்றது. ஆள் இல்லாததுபோல் இருக்கும் வீட்டின் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். உள்ளேயிருந்து தெரியும். அடுத்த வீடு. அடுத்தது. ஒன்றும் இல்லை.

தன் வீட்டுக்கே ஓடினார். கதவிடுக்கில் விராத்தியின் கண் தெரிந்தது. "நான்தான்டி," என்றார். அவர் காதுக்கு அது அவர் குரலாகத்தான் கேட்டது. அந்தக் கண் விரிந்தது. தாழ்ப்பாள் விழுந்தது.

மிச்சம் இருந்தது ஒரே வாசல்.

பாதி வெட்டப்பட்ட தோப்பின் ஓரத்தில் லந்த்ரா படியில் உட்கார்ந்திருந்தான். பயப்படவில்லை. மெதுவாக எழுந்து, நெங்காவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். லாரியிலிருந்து கழற்றிய ஒரு குமிழ்க் கண்ணாடி அவன் கையில் இருந்தது, அதைத் தோளுக்கு மேல் பிடித்துப் பார்த்தான். பொம்மை செய்த நாளெல்லாம் இப்படித்தான் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பான்.

"ஓ, தலைவரா," என்றான். "நான் யாரோன்னு நெனச்சேன்."

நெங்கா மண்டியிட்டார். தான் செய்ததையெல்லாம் சொன்னார், விழித்திருந்ததை, திரியை இறக்கியதை. மகளைச் சொல்லி அழுதார். "எம்மேல இருக்கிறத எங்கிட்டத் தீத்துக்க, லந்த்ரா. அவ சின்னப் பொண்ணு."

"சுமெர்த்தியும் சின்னப் பொண்ணுதான்." லந்த்ரா கண்ணாடியைச் சற்றுச் சாய்த்தான். "நீங்க நல்லாத்தான் இருக்கீங்க, தலைவரே. தலைப்பாகை, மீசை, எல்லாம் அந்தந்த எடத்துல. பக்கத்துல அவ இல்லையே. ஒங்க வீட்டுக்குள்ள போயிட்டா போல."

"அவளக் கூப்பிடு. நீ சொன்னாக் கேப்பா."

"எப்படிக் கூப்பிடுறது? பேசக் கூடாத நாளு. இவ்வளவு பேசினதே தப்பு."

கண்ணாடியைப் படியில் கவிழ்த்து வைத்தான். உள்ளே போனான். கதவை அவசரமில்லாமல் சாத்தினான்.

நெங்கா சந்திக்குத் திரும்பினார். கால்கள் முன்னும் பின்னுமாக எங்கெங்கோ விழுந்தன. ரத்னியின் அலறல் உச்சிக்குப் போனது. நின்றது. அப்புறம் அமைதி. நீண்ட அமைதி. அதற்குப் பிறகு, பிறந்த குழந்தையின் அழுகை. மெல்லியது. வீட்டிலிருந்து அல்ல. பக்கத்திலிருந்து. காலடியிலிருந்து.

அவர் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார்.

நட்சத்திர வெளிச்சத்தில் அங்கே நெங்கா நின்றார், நேராக, முழுசாக. பக்கத்தில் சுமெர்த்தி. தட்டின கை இறங்கியிருந்தது. இரண்டு கையிலும் ஒரு குழந்தையை ஏந்தி வைத்திருந்தாள். அழகான குழந்தை. ரத்னியின் நெற்றி. சிறிய விரல்களை மடக்கி விரித்துக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, எல்லாம் சரியாக இருந்தன.

கீழே, தெருவில், அவர் வீட்டு வாசலிலிருந்து பிஞ்சு விரல்போல் ஈரமாக ஏதோ நீண்டு வந்து அவர் காலைத் தொட்டது.

நெங்கா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.