வாடை நின்றால்

பால் காய்ந்தது. இரண்டு தம்ளர் எடுத்தான். ஒன்றைத் திருப்பி வைத்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். அடையாள அட்டையை மாட்டினான். வாயு அளக்கும் கருவியைச் சட்டைப்பையில் செருகினான். மேசை இழுப்பறையில் மனைவியின் கைப்பேசி கிடந்தது. மூன்று மாதமாகச் சார்ஜ் போடவில்லை. இழுப்பறையை மூடும்போது மூக்கில் பட்டது, அழுகிய முட்டை வாடை.

வீட்டில் முட்டை இல்லை. சாக்கடைக் குழாயருகே குனிந்து முகர்ந்தான். பின்ஜன்னல் வழியே பார்த்தான். மூன்று மாதம் முன்பு டேங்கர் லாரி நின்று விஷவாயு கசிந்த சந்தில் ஈரத் தரைதான் மினுங்கியது. கருவி பூஜ்யம் காட்டியது.

வாடை பைக்கில் அவனோடே வந்தது.

ஆபத்தான சரக்கேற்றிய லாரிகளைப் பரிசோதிக்கும் அரசுச் சாவடியில் அவன் ஆய்வாளன். சாவடியைத் தாண்டினால் சாலை நேராக வீடுகளுக்கு நடுவே போகிறது. அவன் முத்திரை வைக்காமல் ஒரு வண்டியும் நகராது. ஒவ்வொரு ஓட்டுநரிடமும் ஒன்றைச் சொல்லி அனுப்புவான்: “வாடை அடிச்சா ஜாக்கிரதை. வாடை நின்னா ஓடு.” லாரிகளில் கசியும் அந்த விஷவாயு கொஞ்சம் இருந்தால் அழுகிய முட்டையாய் நாறும்; கூடினால் முதலில் மூக்கைத்தான் கொல்லும், பிறகு ஆளை. வீட்டில் மட்டும் அதைச் சொன்னதில்லை.

“என்ன தம்பி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?” என்றார் சாவடி எழுத்தர்.

“ஏதாவது நாறுதா சார்?”

“என் காலுறையத் தவிர ஒண்ணுமில்லப்பா.”

மதியம் வானம் கறுத்து, காற்று அடியோடு நின்றபோது, சாம்பல் நிற டேங்கர் ஒன்று முனகிக்கொண்டே வந்து நின்றது.

“காலி வண்டி சார். கழுவித்தான் கொண்டாறேன்,” என்றார் ஓட்டுநர். “சீக்கிரம் விட்டீங்கன்னா மழைக்கு முன்ன போயிருவேன்.”

“ஏறிப் பாக்கணும்.”

“எல்லாரும் கீழயிருந்தே பாத்து விடுவாங்க சார்.”

“அதான் பாக்கணும்ங்கிறேன்.”

முகமூடியை இறுக்கிக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். ஒவ்வொரு படிக்கும் வாடை தடித்தது. முகமூடியை மீறி நாக்கில் படிந்தது, பல்லிடுக்கில் புளித்தது, கண்ணைக் கரித்தது. கையுறைக்குள் இரும்பு சில்லிட்டது. உள்ளே ஏதோ மெதுவாக, விரல் நுனியால் சுவரைத் தடவுவதுபோல், அவன் ஏறும் பக்கமாகவே நகர்ந்து வந்தது. உச்சியில் மூடி பொருந்தாமல் இருந்தது. ஒரு விரற்கடை இருட்டு.

குனிந்தான்.

வாடை நின்றது.

ஓடு. கால் அசையவில்லை.

கருவியைப் பார்த்தான். பூஜ்யம். கீழே பார்த்தான். ஓட்டுநர் சக்கரத்தருகே குப்புறக் கிடந்தார். சாவடி ஜன்னலில் எழுத்தரின் தலை மேசைமேல் கவிழ்ந்திருந்தது. மின்கம்பியில் ஒரு காக்கைகூட இல்லை. வீடுகளின் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

கைப்பேசி அடித்தது. திரையில் ‘வீடு’. மனைவியின் எண்ணை அப்படித்தான் பதிந்திருந்தான்.

எடுத்தான். குரல் காதிலும் கேட்டது, மூடிக்கு அடியிலிருந்தும் கேட்டது. சந்தில் லாரி கசிந்த அன்று அவள் கடைசியாகப் பேசிய அதே நிம்மதியோடு, அதே சொற்கள்.

“என்னங்க, வாடை நின்னுடுச்சு. இனி பயமில்ல. நீங்க மெதுவாவே வாங்க.”