எழுவைதீவு இரண்டு

திங்கட்கிழமை பின்னேரம் சுருவிலுக்கு வந்த மாக்கிறேற், தம்பிராசா வீட்டுக் கதிரையில் இருந்ததும் தேத்தண்ணீரைக்கூடத் தொடாமல் கேட்டாள். "அண்ணை, கையுக்குள்ள வளர்ந்த பிள்ளை களவெடுத்தால் பொலிசில குடுக்கலாமோ?"

தம்பிராசா கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளை முப்பது வருடம் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். அவசரப்பட்டு வாய் திறக்கமாட்டார். அந்தக் குறையை அவருடைய சிநேகிதர் பிலிப்பு தீர்த்துவைப்பார். எழுவைதீவுக்குப் பயணிகள் வள்ளம் ஓட்டிய பிலிப்பு, வழக்கைக் கேட்டு முடிக்குமுன்பே கள்ளனைப் பிடித்துத் தண்டனையும் கொடுத்துவிடும் ஆள். அன்று மத்தியானம் தம்பிராசா வீட்டுக்கு நண்டுக்கறி ஆசையோடு வந்து கத்தரிக்காய்க் குழம்போடு மாரடித்ததில் அவருக்கு முகம் தொங்கிப்போயிருந்தது. திங்களில் நண்டுக்காரன் வருவதில்லை என்று வீட்டுக்காரி சொன்ன சமாதானம் அவருக்கு இன்னும் செமிக்கவில்லை.

மாக்கிறேற் சொன்னது இதுதான். ஊர்காவற்றுறையில் அவளுக்கு நண்டு ஏற்றுமதி வியாபாரம். ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, எழுவைதீவு என்று மூன்று இடங்களில் நண்டு வாங்குகிறாள். போன வருடம் மகன் டிலோன் ஒரு புதிய மென்பொருளைக் கொண்டுவந்து போட்டான். அதில் ஒவ்வொரு இடமும் ஒரு தனிப் பிரிவு. எந்த நாணயத்தில் கணக்கு, எந்தெந்த நாட்களில் கொள்வனவு என்று ஒவ்வொரு பிரிவுக்கும் முதலே சொல்லிவைக்கவேண்டும். மூன்றுக்கும் ரூபாய்தான். போன கிழமை மென்பொருள் கம்பனியின் ஆள் வந்து பார்த்தபோது, யாரும் அறியாத நாலாவது பிரிவு ஒன்று இருந்தது. பெயர் ‘எழுவைதீவு 2’. அதன் நாணயம் யூரோ.

மாக்கிறேற் மாதாமாதம் பார்க்கும் அறிக்கை ரூபாய்ப் பிரிவுகளை மட்டும் காட்டும். யூரோவில் இருந்த பிரிவு அவள் கண்ணில் படவேயில்லை. வங்கியில் காசு குறைவதைக் கேட்டபோது நாணய மாற்றில் போனது என்று அலுவலகத்தில் சொன்னார்கள், அவளும் நம்பினாள். மூன்று மாதத்தில், வராத நண்டுக்குப் பதினொரு லட்சம் ரூபாய் போயிருந்தது. காசை வாங்கியவர் றொஜன் என்று ஒரு முகவர். அப்படி ஒரு முகவரை ஒருவருக்கும் தெரியாது.

பிரிவைத் தொடக்கியது நிலக்சனாவின் பெயரில். எழுவைதீவுப் பெண், மாக்கிறேற்றின் செத்துப்போன சிநேகிதியின் மகள். பதினாறு வயதிலிருந்து மாக்கிறேற்றின் குசினியில் சாப்பிட்டு, அவளுடைய கணக்கை எழுதியவள். இப்போது பாரிசில் மாப்பிள்ளை பேசியிருந்தது.

"யூரோ எண்ட உடனை எனக்கு எல்லாம் விளங்கீட்டுது. ஒரு கடுதாசியும் காட்டேல்லை, அண்டைக்கே போ எண்டிட்டன். அவள் வாய் திறக்காமல் போனவள். வாற திங்கள் பொலிசுக்குப் போறன்," என்றாள் மாக்கிறேற். சொல்லும்போதே அழுதாள். களவு போன காசுக்காக அவள் அழவில்லை.

சிஸ்டத்துக்குள் போக வேறு யாருக்கு ஏலும் என்று தம்பிராசா கேட்டார். இறங்குதுறையில் இருபது வருடமாக நண்டு நிறுக்கும் சஞ்சீவனுக்கும் டிலோனுக்கும் ஏலும் என்றாள். கடவுச்சொற்களை எழுதிய தாள் மேசை லாச்சிக்குள்தான் கிடக்குமாம். சஞ்சீவன் அண்மையில் புது மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தான். பிலிப்புவுக்கு அது போதும், அவனை அப்போதே வாயாலேயே மறியல் சிறையில் போட்டுவிட்டார்.

மறுநாள் தம்பிராசா அலுவலகத்துக்கு வந்து இரண்டே தாள்கள் கேட்டார். ஒன்று, எழுவைதீவின் இரண்டு பிரிவுகளையும் தொடக்கியபோது கொடுத்த விபரங்கள். மற்றது, பொய்க் கொள்வனவுகளின் திகதிகள். டிலோனே அச்செடுத்து மரியாதையாகக் கொடுத்தான்.

மகனுடைய பணிவில் மாக்கிறேற்றுக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பிராசா கேளாமலே அவன் கதையைச் சொன்னாள். புருஷன் பத்திநாதரைக் கடல் கொண்டுபோனபோது டிலோனுக்கு ஏழு வயது. அடுத்த மாதமே அவனைக் கொழும்பில் விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். விடுமுறைக்கு வந்தாலும் இறங்குதுறைப் பக்கம் விடமாட்டாள். படித்துப் பட்டம் வாங்கி இரண்டு வருடம் முன்தான் திரும்பிவந்தான், வந்தும் அலுவலகத்தை விட்டு இறங்குதுறைக்குப் போக அவள் விட்டதில்லை. தம்பிராசா தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஞாயிறு பூசை முடிய எல்லாரையும் அலுவலகத்துக்குக் கூப்பிடச் சொன்னார்.

ஞாயிறு எல்லாரும் வந்தார்கள். நிலக்சனா கதவோரம் நின்றாள். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. மேசையில் பொலிசுக்கான முறைப்பாடு தயாராக இருந்தது. அதை அச்சடித்தவன் டிலோன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"பிலிப்பு, இண்டைக்கு ஏன் எழுவைதீவில ஒருதரும் தொழிலுக்குப் போகேல்லை?" என்று தொடங்கினார் தம்பிராசா.

ஞாயிற்றுக்கிழமை யார் கடலுக்குப் போவான் என்று பிலிப்பு சிரித்தார்.

"அப்ப நாளைக்குக் காலமை நண்டு வருமோ?"

"எப்பிடி வரும்? பின்னேரம் வலை போட்டு விடியத்தான் எடுக்கிறது. சனி போட்டால் ஞாயிறு எடுக்க ஆளில்லை, நண்டு வலையிலையே செத்துப்போகும். ஞாயிறு போட ஆளில்லை. ஞாயிறும் நண்டில்லை, திங்களும் நண்டில்லை. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

சொல்லி முடிக்கத்தான் தன் கத்தரிக்காய்க் குழம்பு அவருக்கு நினைவு வந்தது.

தம்பிராசா முதல் தாளை விரித்தார். நிலக்சனா தொடக்கிய உண்மையான எழுவைதீவுப் பிரிவில் கொள்வனவு நாட்கள் செவ்வாய் முதல் சனி வரை. ‘எழுவைதீவு 2’ இல் திங்கள் முதல் சனி வரை. மென்பொருள் தானாகப் போடுவது திங்கள் முதல் சனி. மாற்றவேண்டும் என்று தெரிந்தவள் மாற்றியிருக்கிறாள், தெரியாதவர் அப்படியே விட்டிருக்கிறார். இரண்டாவது தாளில் பதின்மூன்று திங்கட்கிழமைகளிலும் எழுவைதீவில் நண்டு வாங்கியிருந்தது.

"இந்தப் பிள்ளை மீன்பிடிகாரற்றை மகள். களவெடுத்தாலும் திங்களில நண்டு எழுதமாட்டாள். சஞ்சீவன் இருபது வருசமாத் திங்களில தராசைக் கழுவிக் கவிட்டு வைக்கிறவர். யூரோவும் அவளின்ரை பேரும், பழி அங்கை போகட்டும் எண்டு போட்டது. ஞாயிறு லீவு எண்டால் திங்கள் வேலை எண்டு நினைக்கிறவர் இஞ்சை ஒராள்தான் இருக்கிறார்," என்றார் தம்பிராசா.

ஒருவரும் டிலோனைப் பார்க்கவில்லை. மாக்கிறேற் மட்டும் பார்த்தாள். மறுத்துச் சொல்லுவான், சிரிப்பான், ஐயாவுக்கு வயது போய்விட்டது என்று பகிடி பண்ணுவான் என்று காத்திருந்தாள். அவன் தலை குனிந்தே இருந்தது.

"பிரான்சுக்குப் போக, ஆக்களை அனுப்புற முகவர் றொஜனுக்குக் கட்டினனான், அம்மா," என்றான் கடைசியில். "கேட்டால் விடமாட்டீங்கள் எண்டு தெரியும்."

மாக்கிறேற் முறைப்பாட்டைத் தன் பக்கம் இழுத்தாள். கடலுக்குக் கொடுக்கமாட்டேன் என்று பொத்திப் பொத்தி வைத்த பிள்ளை. அவனுக்குக் கடலைக் காட்டாமல் வளர்த்தவளும் அவள்தான். இத்தனை நாளும் முன்னால் இருந்து அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, முறைப்பாட்டில் நிலக்சனாவின் பெயரையும் அச்சடித்திருக்கிறான்.

நிலக்சனா முதன்முதலாக வாய் திறந்தாள். "நாளைக்குத் திங்கள், அன்ரி. பொலிசுக்குப் போறன் எண்டனீங்கள். போவீங்களோ?"

டிலோன் நிமிர்ந்து தாயைப் பார்த்தான். ஏழு வயதில் விடுதி வாசலில் விட்டுவந்தபோது பார்த்த அதே பார்வை. மாக்கிறேற் பேனையை எடுத்து, முறைப்பாட்டில் நிலக்சனாவின் பெயரை வெட்டினாள். அதற்கு மேலே மகனுடைய பெயரை எழுத நேரம் எடுத்தது. எழுதிக் கையெழுத்தும் வைத்து, தாளை நிலக்சனாவிடம் நீட்டினாள். அதோடு அலுவலகப் பூட்டின் திறப்பையும் நீட்டினாள்.

"செவ்வாய்க்கிழமை வாரும் பிள்ளை," என்றாள்.

நிலக்சனா தாளை முழுக்க வாசித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். திறப்பை வாங்கவில்லை. எழுவைதீவு வள்ளத்துக்கு நேரமாகிவிட்டது என்று தம்பிராசாவிடம் சொல்லிக்கொண்டு இறங்குதுறைப் பக்கம் நடந்தாள்.